ஆயிரத்தில் ஓர் எலக்ட்ரான்

பழைய வீடுகளில் நடைச் சுவரின்மேல் இரும்புப் பெட்டிக்குள் அமைந்திருக்கும் மெயின் சுவிட்சை, கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே இழுத்துவிட்டால், செப்புத் தகடுகள் பிரிகிற அந்தக் கணத்தில் பெட்டியின் இடுக்கு வழியே நீலப்பொறியொன்று தோன்றி மறைவதைப் பலரும் கண்டிருப்பார்கள். தகடுகள் பிரிந்துவிட்டன, தொடர்பு அறுந்துவிட்டது, ஆயினும் மின்சாரம் தன் ஓட்டத்தை உடனே கைவிடாமல், இடையில் புகுந்த காற்றையே கம்பியாக்கிக்கொண்டு இன்னும் ஒரு கணம் ஓடிப் பார்க்கிறது. அந்தப் பொறி தகடுகளை அரித்துவிடும் என்பதால், வீட்டுச் சுவிட்சைச் செய்கிறவர்கள் அதை எவ்வளவு சீக்கிரம் அணைக்கலாம் என்பதிலேயே கருத்தாக இருக்கிறார்கள். ஆனால் இதே பொறியை வேண்டி வரவழைத்து, அதற்கென்று கண்ணாடியிலும் பீங்கானிலும் கூடுகள் சமைத்து, அது பிறக்கும் விதத்தை ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் நுட்பமாக ஆராய்ந்து வரும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறிதான் சுவிட்சு.

இருபதாயிரம் வோல்ட் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தி வைத்திருந்து, வேண்டிய கணத்தில் பல்லாயிரம் ஆம்பியர் மின்சாரத்தை ஒரேயடியாகப் பாயவிட்டு, பாய்ந்து முடிந்ததும் மறுபடியும் பழைய நிலைக்கு வந்து, இதையே ஒரு நொடிக்குள் பல நூறு தடவை செய்ய வேண்டுமென்றால், எந்த உலோகத் தகடும் அத்தனை வேகத்தில் அசைந்து கொடுக்காது. வாயுவோ அசைய வேண்டிய அவசியமே இல்லாதது. இருக்கிற இடத்தில் இருந்தபடியே அது காப்பானாக இருந்து கடத்தியாக மாறும், மறுபடியும் காப்பானாகும். இரண்டாம் உலகப் போரின்போது ரேடாருக்கு வேண்டிய மின்துடிப்புகளை உண்டாக்க இத்தகைய சுவிட்சு தேவைப்பட்டபோது, அமெரிக்காவில் கென்னத் ஜெர்மெஷாசன், தைரட்ரான் என்னும் வாயுச் சுவிட்சை ஹைட்ரஜன் நிரப்பி உருவாக்கினார். அதற்கு முன் இருந்த தைரட்ரான்களில் பாதரச ஆவியை நிரப்புவது வழக்கம். பாதரச அணு மிகவும் கனமானது, ஆகவே துடிப்பு முடிந்த பின்னும் அதன் அயனிகள் மெல்ல மெல்லவே கலைந்து செல்லும். ஹைட்ரஜனோ எல்லா வாயுக்களிலும் லேசானது. விரைவில் கலைந்து அடுத்த துடிப்புக்கு இடம் விடுவது. போர் முடிந்த பின்னும் அச்சாதனம் ஓய்ந்துவிடவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் நேர்கோட்டு முடுக்கிகள் பலவற்றிலும், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தின் பெரிய வளையத்துக்குள் புரோட்டான் கற்றையைத் திருப்பிவிடும் காந்தங்களின் மின்சுற்றிலும் அது ஊழியம் செய்து வருகிறது. நம் நாட்டில் ராஜஸ்தானத்துப் பிலானியிலுள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் இவ்வகைச் சுவிட்சுகளை ஆராய்ந்து உருவாக்கியிருக்கிறது.

இவ்வளவு காலமாகப் பயன்பட்டு வரும் ஒரு சாதனத்தின் உள்ளே, அந்தக் கோடியில் ஒரு பங்கு நொடியில், எலக்ட்ரான்கள் என்னதான் செய்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை காண முயன்றவர்களின் கதை, சுவிட்சின் கதையைவிட என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது. அதன் சூட்சுமம் விளங்க வேண்டுமானால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும்.

1889-இல் ஜெர்மானியரான பிரெடரிக் பாஷன், இரண்டு மின்வாய்களுக்கு இடையே வாயுவை அடைத்து, எத்தனை வோல்ட் அழுத்தத்தில் அது முறிந்து பொறி பாய்கிறது என்று அளந்தார். வாயுவின் அழுத்தம், மின்வாய்களின் இடைவெளி ஆகிய இரண்டையும் பெருக்கி வரும் எண் ஒன்றே அந்த வோல்ட்டை நிர்ணயிக்கிறது என்பது அவர் கண்ட விதி. அந்த எண் மிகப் பெரிதாக இருந்தாலும் பொறி எளிதில் பாயாது. மிகச் சிறிதாக இருந்தாலும் பாயாது. நடுவில் ஓரிடத்தில் மாத்திரம் அது மிகச் சுலபமாகப் பாயும். காற்றைப் பொறுத்தவரை அந்த மிகச் சுலபமான இடத்திலும் ஏறத்தாழ 330 வோல்ட் வேண்டும்.

இதன் காரணத்தை விளக்கியவர் அயர்லாந்தில் பிறந்து, 1900-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக அமர்ந்த ஜான் டவுன்சென்ட். துத்தநாகத் தகட்டின்மேல் புற ஊதா ஒளியை விழச் செய்து, அதிலிருந்து வெளிப்படும் சொற்பமான மின்சாரம், எதிரிலுள்ள தகட்டை விலக்க விலக்க எப்படிப் பெருகுகிறது என்று அவர் அளந்து பார்த்தார். ஓர் எலக்ட்ரான் மின்புலத்தால் தள்ளுண்டு ஓடும்போது ஒரு மூலக்கூற்றில் மோதி, அதிலிருந்து மற்றோர் எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. இருபது முறை இரட்டித்தால் பத்து லட்சம். இருபத்தேழு முறை இரட்டித்தால் பதின்மூன்று கோடி. மலைச்சரிவில் பனி சரிவதுபோல் பெருகுவதால் இதற்குச் சரிவு என்றே பெயராயிற்று. வாயு அடர்த்தியாக இருந்தால், மூலக்கூற்றைப் பிளக்க வேண்டிய சக்தியைச் சேர்ப்பதற்குள் எலக்ட்ரான் எதன்மேலாவது இடித்துச் சேர்த்ததை இழந்துவிடுகிறது. வாயு மிகவும் மெலிந்திருந்தால், ஏராளமான சக்தியைச் சேர்த்துக்கொண்டும், மோதுவதற்கு ஒரு மூலக்கூறும் எதிர்ப்படாமல், வெறுங்கையோடு எதிர்க்கரையைப் போய்ச் சேர்கிறது. பாஷன் கண்ட வளைகோட்டின் வலக்கிளையும் இடக்கிளையும் இந்த இரண்டு விதமான தோல்விகளே.

உயர் மின்சாரச் சுவிட்சுகள் வாழ்வது அந்த இடக்கிளையில். 1979-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான்சனும் ஷுல்ட்ஹைஸும் அக்கிளையில் ஒரு புதுமையைக் கண்டு அறிவித்தார்கள். எதிர்மின்வாயைத் தட்டையான தகடாக விடாமல், உள்ளே குழிந்த ஒரு சிமிழ்போல் செய்து, அதன் முகத்தில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளையிட்டு, அதற்கு நேர் எதிரே நேர்மின்வாயிலும் அவ்வாறே துளையிட்டு வைத்தபோது, மெலிந்த வாயுவில் ஒளிமயமான ஒரு மின்னிறக்கம் அந்தத் துளைகளின் அச்சிலே பிறந்து, மின்சாரத்தை வெகு வேகமாக உயர்த்தியது. சாதாரணப் பொறியின் மெல்லிய இழை அதில் இல்லை. ஆகவே அதற்கு ‘சூடோஸ்பார்க்’, அதாவது போலிப்பொறி, என்று பெயர் வைத்தார்கள். மின்சாரம் அதில் நொடிக்கு 10,000 கோடி ஆம்பியர் என்ற விகிதத்தில் ஏறக்கூடும். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கண்டர்சன் குழுவினர், அந்தச் சிமிழின் பின்புறத்தில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியே சுவிட்சை இயக்கலாம் என்று செய்து காட்டினார்கள். டவுன்சென்டின் துத்தநாகத் தகட்டை வருடிய அதே வகை ஒளிதான். குழிந்த எதிர்மின்வாயை 1916-இல் நிறமாலை ஆராய்ச்சிக்கென்று முதலில் பயன்படுத்தியவரும் பாஷனே என்பதை எண்ணும்போது, அவருடைய விதியும் அவருடைய கருவியும் அறுபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு ஊரில் ஒரே சாதனத்தில் வந்து கூடியது எனக்குப் பேராச்சரியமாக இருக்கிறது.

கணக்கிட்டுப் பார்த்தால் இந்தச் சாதனம் வேலை செய்யவே கூடாது. முப்பது பாஸ்கல் அழுத்தமுள்ள ஹைட்ரஜன், நான்கு மில்லிமீட்டர் இடைவெளி, இருபதாயிரம் வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜனை அயனியாக்குவதற்கு மிகவும் உகந்த வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்கூட, ஒரு மூலக்கூற்றைப் பிளப்பதற்குச் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். வேகம் மிகுந்தாலோ, மூலக்கூற்றின் அருகில் அது தங்கும் நேரம் குறைந்து, அந்தத் தூரம் இன்னும் பன்மடங்கு நீளுகிறது. இருபதாயிரம் வோல்ட்டின்கீழ் ஓர் எலக்ட்ரான் நான்கு மில்லிமீட்டரைக் கடக்க ஆகும் காலம் நொடியில் 1000 கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு குறுகிய தூரத்தில், இவ்வளவு அற்பக் காலத்தில், பெரும்பாலான எலக்ட்ரான்கள் எதையும் தொடாமலே கடந்துவிடும். பிறகு சரிவு எங்கிருந்து வந்தது? கருவியைக் கண்ணால் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. அது பீங்கான் கூட்டுக்குள் நடப்பது, நடந்து முடிவதும் இமைப்பொழுதில். கணிதத்தால் அதன் உள்ளே புகுந்து பார்ப்பதே வழி.

எலக்ட்ரான்களின் நடத்தையைக் கணிதத்தில் வடிப்பதென்றால், முதலில் தோன்றும் யோசனை, அவற்றுக்கு ஓர் உஷ்ணநிலையைச் சொல்லிவிடுவது. வீட்டுக் குழல் விளக்கில்கூட எலக்ட்ரான்களின் உஷ்ணநிலை பதினோராயிரம் பாகையளவு இருக்கிறது. ஆனால் குழாயைக் கையால் தொடலாம். கோலிக்குண்டு ஒன்று அம்மிக்கல்லில் மோதினால் குண்டு திரும்பித் தெறிக்குமேயன்றிக் கல் அசையாதல்லவா? அதுபோல் எலக்ட்ரான் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூற்றில் சாதாரணமாக மோதும்போது, தன் சக்தியில் சுமார் ஆயிரத்தெண்ணூறில் ஒரு பங்கையே கொடுக்கிறது. ஆகவே எலக்ட்ரான்கள் சூடேறியும் வாயு குளிர்ந்தும் ஒரே குழாயில் அருகருகே இருக்க முடிகிறது. ஆனால் உஷ்ணநிலை என்பது ஒரு சராசரி. சுவிட்சில் காரியத்தைச் செய்வது சராசரி எலக்ட்ரான் அன்று. ஹைட்ரஜன் மூலக்கூற்றை அயனியாக்க 15.4 எலக்ட்ரான்-வோல்ட் சக்தி தேவை. எலக்ட்ரான்களின் சராசரிச் சக்தி 3 எலக்ட்ரான்-வோல்ட்டாக இருந்து, மாக்ஸ்வெல் கண்ட பங்கீட்டின்படி அவை அமைந்திருக்குமானால், அந்த எல்லையைத் தாண்டி நிற்பவை ஆயிரத்துக்கு ஒன்றிரண்டே. சராசரியைப் பாதியாக்கி ஒன்றரை எலக்ட்ரான்-வோல்ட் ஆக்கிவிட்டால், ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு என்றிருந்தது பத்து லட்சத்துக்கு ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது! சராசரியில் நேர்ந்த ஒரு சிறு பிழை, அயனிகளின் பிறப்புக் கணக்கில் ஆயிர மடங்குப் பிழையாக வீங்குகிறது. ஆகவே அந்தப் பங்கீட்டின் கடைசி முனையை, விஞ்ஞானிகள் வால் என்று அழைக்கும் அந்தச் சில வேகமான எலக்ட்ரான்களைச் சரியாக அறியாதவர் சுவிட்சைப் பற்றி ஒன்றுமே அறியாதவர். வாலோ மாக்ஸ்வெல் சொன்னபடியும் இருப்பதில்லை; 1930-இல் ஹாலந்து நாட்டு டிரூவெஸ்டைன், மின்புலத்தில் ஓடும் எலக்ட்ரான்களுக்கு வால் வேறு விதமாகக் குறுகிவிடும் என்று காட்டினார்.

முறைப்படி செய்வதென்றால், 1872-இல் போல்ட்ஸ்மன் எழுதிய சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். அது ஒரு வரவு செலவுக் கணக்கு. ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு திசையிலும் வேகத்திலும், எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கின்றன, மின்புலத்தால் எத்தனை வந்து சேர்ந்தன, மோதலால் எத்தனை வெளியேறின என்று பேரேடு எழுதுவதைப் போன்றது. இடத்துக்கு மூன்று பரிமாணம், வேகத்துக்கு மூன்று பரிமாணம். ஒவ்வொன்றையும் நூறு கூறாகப் பிரித்தால், பேரேட்டில் ஒரு லட்சம் கோடி வரிகள் எழுத வேண்டும், அதையும் ஒவ்வொரு கணத்துக்கும் புதிதாக எழுத வேண்டும். எனவே முன்னோர் குறுக்குவழிகள் கண்டார்கள். எலக்ட்ரான்கள் ஏறக்குறைய எல்லாத் திசைகளிலும் சமமாகவே ஓடுகின்றன என்பது ஒன்று. ஓர் இடத்தில் எலக்ட்ரான் எப்படி நடக்கும் என்பதை அந்த இடத்து மின்புலமே நிச்சயிக்கிறது என்பது மற்றொன்று. மோதல்கள் மலிந்த அடர்த்தியான வாயுவில் இவை நன்றாகவே பொருந்தும். போலிப்பொறியில் இரண்டும் பொய்த்துப் போகின்றன. அங்கே எலக்ட்ரான்கள் ஒரே திசையில் கற்றையாகப் பாய்கின்றன. ஓரிடத்தில் சேர்த்த சக்தியை வேறிடத்தில் கொண்டுபோய்ச் செலவழிக்கின்றன. மின்புலமே இல்லாத ஒரு மூலையில் வந்து, வந்த வேகத்தால் அயனிகளை உண்டாக்குகிற எலக்ட்ரானுக்கு, அந்த மூலையின் மின்புலத்தைக் கேட்டு என்ன பிரயோஜனம்?

இந்த இக்கட்டிலிருந்து மீட்ட வழி, சீட்டாட்டத்திலிருந்து வந்தது. 1946-இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித மேதை நோயிலிருந்து தேறி வந்த நாட்களில், தனியே உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர், ஓர் ஆட்டம் வெற்றியாக முடிவதற்குள்ள வாய்ப்பைச் சூத்திரத்தால் கணக்கிடுவதைவிட, நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணிவிடுவது எளிதாயிற்றே என்று நினைத்தார். அந்த நினைப்பை அவரும் ஃபான் நாய்மனும் மெட்ரோபாலிஸும் அணுக்கருத் துகள்களுக்குப் பிரயோகித்து, சூதாட்டத்துக்குப் பெயர்போன மாண்டி கார்லோவின் பெயரை அந்த முறைக்கு இட்டார்கள். எலக்ட்ரானுக்கும் அதுவே பொருந்தும். ஓர் எலக்ட்ரானை எதிர்மின்வாயிலிருந்து கிளப்பி, மின்புலத்தில் ஓடவிட்டு, எவ்வளவு தூரத்தில் மோதும் என்று ஒரு தற்செயல் எண்ணை எடுத்துத் தீர்மானித்து, மோதினால் வெறுமனே திரும்பியதா, மூலக்கூற்றைக் கிளர்ச்சியுறச் செய்ததா, பிளந்ததா என்று மற்றோர் எண்ணை எடுத்துத் தீர்மானித்து, பிறந்த குழந்தை எலக்ட்ரானையும் அவ்வாறே பின்தொடர்ந்து, லட்சக்கணக்கான வாழ்க்கை வரலாறுகளை எழுதிச் சேர்த்தால், வாலும் கற்றையும் தாமாகவே கணக்கில் வெளிப்படுகின்றன. எதையும் ஊகித்துத் திணிக்க வேண்டியதில்லை.

ஆனால் பகடையின் பக்கங்களைச் சரியாகச் செய்தால்தானே ஆட்டம் உண்மையாகும்? எந்த வேகத்தில் எந்த மோதல் எவ்வளவு சாத்தியம் என்பதை மூலக்கூறு எலக்ட்ரானுக்குக் காட்டும் இலக்குப் பரப்பாகச் சொல்வது மரபு. இந்தப் பரப்புகள் சில சமயம் விசித்திரமானவை. 1921-இல் ராம்சவர், மெதுவாக வரும் எலக்ட்ரான்களுக்கு ஆர்கான் அணு ஒரு குறிப்பிட்ட வேகத்தருகே ஏறக்குறைய இல்லாததுபோல் ஆகிவிடுவதைக் கண்டார். எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்கிறது என்ற ஞானம் வரும்வரை அது விளங்காப் புதிராகவே இருந்தது. ஹைட்ரஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இந்தப் பரப்புகளை 1962-இல் பொறுமையோடு கணித்தவர்கள் ஃபிராஸ்ட், ஃபெல்ப்ஸ் ஆகிய இருவர். வாயுவில் எலக்ட்ரான் கூட்டம் எவ்வளவு வேகமாக நகர்கிறது, எவ்வளவு பரவுகிறது என்று ஆய்வுக்கூடங்களில் அளந்த எண்களை முன்னால் வைத்துக்கொண்டு, பரப்புகளை ஊகித்துப் போல்ட்ஸ்மன் சமன்பாட்டைத் தீர்த்து, விடை பொருந்தும்வரை ஊகத்தைத் திருத்திக்கொண்டே போனார்கள். ஃபெல்ப்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் இவ்வகை எண்களைத் திரட்டி, கேட்டவர்க்கெல்லாம் வழங்கினார். அத்தகைய தொகுப்புகள் இன்று ‘எல்எக்ஸ்கேட்’ என்னும் களஞ்சியத்தில் எவரும் எடுத்தாளும்படி திறந்து கிடக்கின்றன. புகழ் தேடாத இந்த உழைப்பின்மேல்தான் மேலே சொன்ன கணக்குகள் யாவும் நிற்கின்றன.

1991-இல் பிரான்சின் துலூஸ் நகரத்துப் பெஃப், பிட்ச்ஃபோர்ட் ஆகிய இருவரும், வேகமான எலக்ட்ரான்களைத் துகள்களாகவும் மற்றவற்றைத் திரவம்போலவும் பாவித்து, போலிப்பொறியின் பிறப்பைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்த்தார்கள். சரிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. தொடக்கத்தில் எலக்ட்ரான்கள் அச்சின் வழியே ஓடி, அரிதாக ஒன்றிரண்டு மூலக்கூறுகளைப் பிளக்கின்றன. அப்போது பிறக்கும் எலக்ட்ரான் உடனே ஓடிவிடுகிறது. அயனியோ, அதே மின்புலத்தில் அறுபது மடங்கு மெதுவாக நகர்வதால், பின்தங்கி நிற்கிறது. பின்தங்கிய அயனிகள் திரளத் திரள, அச்சின்மேல் நேர்மின்மை குவிந்து, நேர்மின்வாயே ஒரு கையை நீட்டியதுபோல், அதன் மின்னழுத்தம் எதிர்மின்வாயை நோக்கி மெல்ல நகர்ந்து வருகிறது. அந்தக் கை துளையின் வழியே சிமிழுக்குள் நுழைந்ததும் நிலைமை அடியோடு மாறுகிறது. சிமிழின் சுவரிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான், உள்நோக்கிப் பாய்ந்து, எதிர்ச்சுவரை நெருங்கியதும் அங்குள்ள எதிர்மின்மையால் திருப்பித் தள்ளப்பட்டு, ஊசலாடும் தூளியைப்போல் இங்குமங்கும் பலமுறை கடக்கிறது. நான்கு மில்லிமீட்டரை ஒரே தாவலில் கடந்து வீணாகியிருக்க வேண்டிய எலக்ட்ரானுக்கு இப்போது பல சென்டிமீட்டர் ஓட்டம் வாய்த்துவிட்டது. மோதாமல் தப்ப முடியாது. மின்சாரம் திடீரென ஏறுகிறது. ஏறத்தாழ அதே காலத்தில் இலினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் குஷ்னர் குழுவினர், தைரட்ரானுக்குள் எலக்ட்ரான்களை ஒரே கூட்டமாகக் கொள்ளாமல், பாய்ந்து வரும் கற்றைகள் வேறு, தேங்கிக் கிடக்கும் திரள் வேறு என்று பிரித்துக் கணக்கிடும் மாதிரியைச் செய்தார்கள். கற்றை எண்ணிக்கையில் சிறியது. ஆயினும் திரளைப் பெருக்குவதில் அதற்குள்ள பங்கைத் தனியே வைத்து எண்ணியாக வேண்டும்.

மின்சாரம் உச்சத்தை நெருங்கும்போது கணிதம் மறுபடியும் வேறு முகம் காட்டுகிறது. எலக்ட்ரான்கள் இப்போது ஒரு கன சென்டிமீட்டரில் கோடி கோடிக்கு மேல் நெருங்கிவிட்டன. ஒன்றையொன்று தள்ளியும் தாக்கியும், தனித்தனியே சேர்த்த சக்தியைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. தொடக்கத்தில் நாம் நம்ப மறுத்த மாக்ஸ்வெல் பங்கீடு, பெரும்பாலான எலக்ட்ரான்களுக்கு ஓரளவேனும் திரும்பி வருகிறது. தனித்தனி வரலாறு எழுதுவதும் அப்போது கட்டுப்படியாகாது. ஒரே சுவிட்சின் ஒரே துடிப்பில், முதற்பகுதிக்கு ஒரு கணிதமும் பிற்பகுதிக்கு மற்றொரு கணிதமும் வேண்டியிருப்பதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்தக் கணத்தில் மாறுவது என்பதை அறிந்து செய்வதையுமே இந்தத் துறையின் மெய்யான வித்தை என்று கருதுகிறேன்.

எல்லாவற்றிலும் கடினமான இடம் வாயுவில் இல்லை, உலோகத்தில் இருக்கிறது. சூடாக்கப்படாத அந்த எதிர்மின்வாய், துளையைச் சுற்றியுள்ள சதுர சென்டிமீட்டர் அளவான பரப்பிலிருந்து பதினாயிரம் ஆம்பியர் கொடுக்கிறது. தைரட்ரானில் வேண்டுமென்றே சூடாக்கி வைக்கும் எதிர்மின்வாய்கூட அவ்வளவு கொடுப்பதில்லை. 1988-இல் ஹார்ட்மன், கண்டர்சன் ஆகியோர் இதற்குச் சொன்ன விளக்கம், சற்று முன் நடந்த சிமிழ்க் கட்டத்தின் அயனிகள் மேற்பரப்பை அடித்து அடித்து ஒரு நொடியின் மிகச் சிறு பங்குக்குள் அதைச் சூடேற்றிவிடுகின்றன என்பதும், அந்தச் சூடும், அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த திரளான பிளாஸ்மாவை ஒட்டியுள்ள கடுமையான மின்புலமும் சேர்ந்தே இத்தனை எலக்ட்ரான்களை இழுத்தெடுக்கின்றன என்பதும் ஆகும். சூடேறுவது தோலளவு ஆழமே. உள்ளே உலோகம் குளிர்ந்தபடி இருக்கும். பயன்படுத்திய பின் இத்தகைய எதிர்மின்வாயை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், துளையைச் சுற்றிலும், 2,600 பாகைக்கு மேல்தான் உருகக்கூடிய மாலிப்டினமும் மெழுகைப்போல் உருகி, அலையலையாகவும் சிறு சிறு பள்ளங்களாகவும் மறுபடி உறைந்திருப்பது தெரிகிறது. எலக்ட்ரான் எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு சுலபமாக வெளிப்படும் என்பதை அந்தப் பள்ளங்களே தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பும் அவற்றைச் சற்றே மாற்றிவிட்டுப் போகிறது. அடுத்த துடிப்பின் கணக்கை அந்த மாறிய தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.